சிகாகோவின் பில்சன் பகுதி: அதிகம் பேர் போகாத அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும்

வழிநடை (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். அக்டோபர் மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு சிகாகோவில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு வருகிறேன். சென்ற முறை வந்தபோது ஏரிக்கரையை ஒட்டிய பெரிய அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டோம். அவை மனநிறைவைத் தந்தன. ஆனாலும் அந்த நகரத்தில் உழைத்து வாழ்கிற மக்கள் தங்கள் கதையைத் தாங்களே எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை அந்தக் கூடங்களில் அறிய முடியவில்லை.

நகர மையத்துக்குத் தென்மேற்கே, மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் பில்சன் பகுதியில் ஓர் அருங்காட்சியகமும் பல கலைக்கூடங்களும் இருப்பதாகப் படித்தேன். நான் புரட்டிய பயணக் கையேடுகள் அந்தப் பகுதியை ஒரு பத்தியில், சில உணவகங்களின் பெயர்களோடு முடித்துவிடுகின்றன. அக்காளும் அத்தானும் புறநகரில் பல ஆண்டுகளாக இருந்தும் அந்தப் பக்கம் போனதில்லை என்கிறார்கள்.

உண்மையில் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை எவை, அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்று அங்கே போய்ப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. நடப்பார், ஆனால் இடையிடையே உட்கார வேண்டும். மக்கள் குடியிருக்கும் தெருக்களில் சுவரோவியங்களைப் படமெடுப்பதும், வழிபாட்டோடு தொடர்புடைய பொருள்களைக் காட்சியாகப் பார்ப்பதும் அங்கு வாழ்கிறவர்களுக்கு மனவருத்தம் தராதா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏரிக்கரை (மறுமொழி)

வணக்கம். நீங்கள் வரும் காலம் மிகப் பொருத்தமானது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பில்சனில் முதலில் போக வேண்டிய இடம் 19ஆம் தெருவில், ஹாரிசன் பூங்காவில் இருக்கும் தேசிய மெக்சிகோ கலை அருங்காட்சியகம். கார்லோஸ் தோர்தொலேரோ என்ற பள்ளி ஆசிரியரும் அவருடன் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலரும் 1982இல் 900 டாலரை முதலாக வைத்து இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். கலைச் சேகரிப்பாளர்களோ செல்வந்தர்களோ தொடங்கியது அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அங்கே காணும் பலவற்றின் பொருள் விளங்கும். வகுப்பறைகளில் தங்கள் மாணவர்கள் தம் முன்னோரின் கலையைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் வளர்வதைக் கண்டவர்கள் அவர்கள். 1987இல் நகரப் பூங்காத் துறைக்குச் சொந்தமான, அதற்கு முன் படகு செய்யும் பட்டறையாக இருந்த கட்டடத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2001இல் கட்டடம் பெரிதாக்கப்பட்டது. 2006இல் இப்போதைய பெயர் வந்தது. தோர்தொலேரோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நடத்தி, 2023ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஓய்வு பெற்றார்.

தொடக்க நாள் முதல் இன்று வரை அங்கே நுழைவுக்கட்டணம் இல்லை. ஏரிக்கரை அருங்காட்சியகங்களில் ஒரு குடும்பம் நுழைய எவ்வளவு செலவாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பில்சனில் வேலை முடிந்து வருகிற ஒருவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே போய் ஒரே ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், மறுவாரமும் வரலாம். ஒரு நகரத்தின் கலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிரந்தரத் தொகுப்பில் 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியே ஒரு நேரத்தில் காட்சிக்கு வரும். பழங்கால மெக்சிகோவின் சுடுமண் உருவங்கள், ஸ்பானிய ஆட்சிக் காலத்துச் சமயப் படங்கள், மெக்சிகோவின் பழங்குடியினரான விச்சோல் மக்கள் மெழுகுப் பரப்பில் மணிகளைப் பதித்துச் செய்யும் வேலைப்பாடுகள், சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்த ஓவியர்களின் அண்மைக்காலப் படைப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து வருகின்றன. நாட்டுப்புறக் கைவினையை ஒரு மூலையிலும் ஓவியக் கலையை மையத்திலும் பிரித்து வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. குயவர் வனைந்த பானைக்கும் கல்லூரியில் பயின்றவரின் எண்ணெய் ஓவியத்துக்கும் ஒரே மதிப்போடு விளக்கு போட்டிருக்கிறார்கள். விளக்க அட்டைகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் உள்ளன. அவற்றைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அவை ஆசிரியர்கள் எழுதியவை போலவே தெளிவாக இருக்கும்.

சங்கடமான வரலாற்றையும் இந்த அருங்காட்சியகம் ஒளிக்காமல் பேசுகிறது. மெக்சிகோவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பற்றி 2006இல் அது அமைத்த காட்சி, பிறகு பல நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வெராக்ரூஸ் மலைப்பகுதியில் தப்பியோடிய அடிமைகளைத் திரட்டித் தனி ஊர் அமைத்த யாங்காவையும், 1829இல் அடிமைமுறையை ஒழித்த, ஆப்பிரிக்க வழிவந்த அதிபர் விசெந்தே குரேரோவையும் மெக்சிகோ தன் நினைவில் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று அந்தக் காட்சி கேட்டது. தன் மக்களைப் பெருமைப்படுத்த எழுந்த ஒரு நிறுவனம் தன் மக்களிடமே இத்தகைய கேள்வியை எழுப்புவது எளிதான செயல் அன்று.

இப்போது நீங்கள் வரும் காலத்தைப் பற்றி. 1987 முதல் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இங்கே இறந்தோர் நாள் காட்சி நடக்கிறது. பொதுவாகச் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். ஒஃப்ரெண்டா எனப்படும் படையல் மேடைகளைக் குடும்பங்களும் கலைஞர்களும் அமைக்கிறார்கள். இறந்தவரின் படம், அவர் விரும்பி உண்டது, தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, கோபால் என்னும் மரப்பிசின் புகை, கத்தரித்த வண்ணத்தாள் தோரணம், இவற்றோடு எங்கும் செண்டுமல்லி. நம் ஊர் மாலைகளில் இருக்கும் அதே பூதான். அது மெக்சிகோ மண்ணில் பிறந்து ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக நம்மிடம் வந்த செடி. ஆடி அமாவாசைக்கும் திதிக்கும் படையல் வைத்துப் பழகிய உங்கள் அம்மாவுக்கு அந்த மேடைகளின் முன் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். உள்ளே உட்கார இருக்கைகள் உண்டு. புறப்படும் முன் அங்கிருக்கும் கடையையும் பாருங்கள். மெக்சிகோவின் பல மாநிலக் கைவினைஞர்களின் பொருள்கள் அங்கே விற்கப்படுகின்றன. கட்டணமில்லாத இடத்துக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அந்தக் கடையில் வாங்குவதும் நன்கொடைப் பெட்டியில் போடுவதுமே.

செங்கல்சுவர் (மறுமொழி)

மேலே நண்பர் அருங்காட்சியகத்தைப் பற்றி முழுமையாக எழுதிவிட்டார். அதன் வாசலிலிருந்து தொடங்கும் தெருக்களும் அதே தொகுப்பின் நீட்சிதான் என்று நான் கருதுவதால், அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பில்சன் என்ற பெயரை வைத்தவர்கள் பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்கள். தங்கள் நாட்டு நகரத்தின் பெயரையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்குச் சூட்டினார்கள். 18ஆம் தெருவில் 1892இல் கட்டப்பட்ட தாலியா அரங்கு இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் செக் குடும்பங்கள் மேற்கே நகர்ந்தபோது மெக்சிகோ குடும்பங்கள் வந்தன. அவர்களில் பலர் அதற்கு முன் பில்சனுக்கு வடக்கே, ஹால்ஸ்டட் தெருவை ஒட்டி வாழ்ந்தவர்கள். 1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்துக்காக அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டதால் இடம்பெயர்ந்தவர்கள். ஒரு முறை வீடிழந்தவர்கள் புதிய இடத்தில் சுவர்களில் தங்கள் முகங்களை வரைந்துவைத்தார்கள் என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால் இங்குள்ள சுவரோவியங்கள் அழகுக்காக மட்டும் எழுந்தவை அல்ல என்பது புரியும். 1920களில் மெக்சிகோவில் ஓவியர்களான ரிவேராவும் ஒரோஸ்கோவும் சிக்கேரோஸும் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் தொடங்கிய மரபு, 1968 முதல் இங்கே தெருவுக்கு வந்தது.

நகர ரயிலின் பிங்க் தடத்தில் 18ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் படிக்கட்டுகளும் சுவர்களுமே ஓவியங்களால் நிறைந்திருக்கும். அங்கிருந்து மேற்கே நடந்தால் ஒரோஸ்கோ பள்ளி வரும். அங்கே ஆசிரியராக இருந்த ஃபிரான்சிஸ்கோ மெண்டோசா தம் மாணவர்களோடு சேர்ந்து உடைத்த ஓடுகளைப் பதித்துச் செய்த முகச்சித்திரங்கள் பள்ளியின் வெளிச்சுவரில் இருக்கின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகளின் கைகள் செய்த வேலை என்று நம்புவது கடினம். அவ்வளவு துல்லியம், அவ்வளவு துணிவான வண்ணங்கள்.

பள்ளியிலிருந்து அருங்காட்சியகம் அருகில்தான். அருங்காட்சியகத்திலிருந்து தெற்கே சிறிது நடந்தால் கல்லர்ட்டன் தெருவும் வால்காட் தெருவும் சந்திக்கும் முனையில் எக்டர் துவார்தே என்ற ஓவியரின் வீடும் பட்டறையும் உள்ளன. மிச்சோவக்கான் மாநிலத்தில் பிறந்து, சிக்கேரோஸின் பட்டறையில் பயின்று, 1985இல் சிகாகோவுக்கு வந்தவர் அவர். தம் வீட்டின் சுவர்கள் முழுவதையும் சூழ்ந்து, குள்ளர்களின் நாட்டுக் கதையில் வருவது போலத் தரையில் கட்டுண்டு கிடக்கும் கலிவரை வரைந்திருக்கிறார். இந்தக் கலிவர் எல்லை கடந்து வந்த மெக்சிகோ தொழிலாளி. அவனைக் கட்டியிருப்பது முள்கம்பி. ஒரு சுவரை மட்டும் பார்த்தால் கையோ காலோதான் தெரியும். வீட்டைச் சுற்றி நடந்தால்தான் அவன் எழ முயல்கிறான் என்பது தெரியும். தயவுசெய்து சுற்றி நடந்து பாருங்கள். காரிலிருந்தபடி ஒரு படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் அந்த ஓவியத்தைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

அம்மாவால் முடிந்தால் ரசின் தெருவில் இருக்கும் பழைய காசா அஸ்த்லான் கட்டடத்தையும் பாருங்கள். அது சற்றுக் கிழக்கே தள்ளி இருப்பதால் பேருந்து நல்லது. பொஹீமியக் குடியேறிகளுக்கான சமூக நிலையமாகத் தொடங்கிய அந்த இடம், 1970 முதல் மெக்சிகோ மக்களின் கூடுமிடமாக, எழுத்தறிவு வகுப்புகளும் மருத்துவ உதவியும் கிடைக்கும் வீடாக விளங்கியது. அதன் முகப்பில் ரேமண்ட் பட்லான் 1970களில் வரைந்த ஓவியத்தை, கட்டடம் கைமாறிய பிறகு 2017இல் சாம்பல் நிறச் சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்ததால் அதே ஓவியரே அழைக்கப்பட்டு, அதே ஆண்டில் அங்கே புதிதாக வரைந்தார். கட்டடம் இப்போது வாடகைக் குடியிருப்பு. ஓவியம் திரும்பியது, அது யாருக்காக வரையப்பட்டதோ அந்த நிலையம் திரும்பவில்லை. எனக்கு அந்தச் சுவரின் முன் நிற்பது வருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் பில்சனைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அதைத் தவிர்க்கக் கூடாது.

16ஆம் தெருவை ஒட்டிச் செல்லும் ரயில் பாதையின் கற்காரைச் சுவர் நெடுகிலும் ஓவியங்கள் உண்டு. பல கைகள், பல காலங்கள். எல்லாம் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நேரமிருந்தால் பார்க்கலாம்.

ஹால்ஸ்டட் தெருவும் 18ஆம் தெருவும் சந்திக்கும் கிழக்குப் பகுதியில் ஓவியர்களின் பட்டறைகளும் தனியார் கலைக்கூடங்களும் வரிசையாக உள்ளன. மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலையில் அவற்றின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. பிற நாள்களில் பல பூட்டியே இருக்கும். அங்கே காண்பது பெரும்பாலும் நகரெங்கிலுமிருந்து வந்த கலைஞர்களின் வேலை, மெக்சிகோ மக்களின் கதை அல்ல. உங்கள் கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்பதால் வற்புறுத்த மாட்டேன்.

படமெடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெருவை நோக்கிய சுவர்களைப் படமெடுக்கத் தடையில்லை. அவை வழிப்போக்கர் பார்க்கவே வரையப்பட்டவை. வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்களையும் சன்னல்களையும் விளையாடும் குழந்தைகளையும் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். எதிரில் வருகிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

வழிநடை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துக்காட்டியபோது அம்மா, அந்தப் படையல் மேடைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, மேடைகளின் முன் எப்படி நடந்துகொள்வது? இரண்டாவது, நான் சிறு வயதில் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும் கலையைக் கொஞ்சம் கற்றவன். மெக்சிகோவின் அச்சுக்கலை பெயர்பெற்றது என்று தெரியும். அந்த அருங்காட்சியகத்தில் அச்சோவியங்களைப் பார்க்க வாய்ப்புண்டா? சிகாகோவிலேயே அத்தகைய கலைஞர் எவரும் இருந்தாரா?

அச்சுமை (மறுமொழி)

இருந்தார், அவரைப் பற்றி எழுத ஒரு வாய்ப்புத் தந்ததற்கு நன்றி.

கார்லோஸ் கோர்தெஸ் 1923இல் மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தை மெக்சிகோவிலிருந்து வந்த தொழிற்சங்கவாதி. தாய் ஜெர்மானிய வழிவந்த, போரை எதிர்த்த சோசலிசவாதி. இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின் பெயரால் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் கட்டட வேலையும் தொழிற்சாலை வேலையும் செய்துகொண்டே, தாம் உறுப்பினராக இருந்த தொழிற்சங்கத்தின் செய்தித்தாளுக்குப் படங்களும் கவிதைகளும் கொடுத்துவந்தார். செய்தித்தாளில் அச்சிட மலிவாகப் படம் வேண்டியிருந்தது. அதனால் லினோலியத்திலும் மரத்திலும் செதுக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் சிகாகோவில் குடியேறி, பில்சனின் கலைஞர்களுக்கு மூத்தவராக விளங்கி, 2005இல் மறைந்தார்.

அவருடைய கோடுகள் தடித்தவை. வெட்டுக்கத்தி போன வழியை மறைக்காதவை. 1915இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கப் பாடகர் ஜோ ஹில்லையும், மெக்சிகோப் புரட்சிக்கு முன்னோடியான ரிக்கார்தோ ஃபுளோரெஸ் மகோனையும் அவர் செதுக்கிய படங்களில், உருவமும் சில சொற்களும் ஒரே பலகையில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். எலும்புக்கூட்டு உருவங்களால் தம் காலத்தை விமர்சித்த ஹோசே குவாதலூப்பே போசாதாவின் (1852–1913) வழியில் வந்தவர் இவர் என்பது பார்த்த அளவிலேயே தெரியும். போசாதாவும் ஏழைகள் காசு கொடுத்து வாங்கும் துண்டுத்தாள்களுக்காகவே செதுக்கினார்.

கோர்தெஸ் தம் அச்சுக்கட்டைகளை இந்த அருங்காட்சியகத்திடமே ஒப்படைத்தார். அவர் வைத்த நிபந்தனைதான் என்னை அவர்பால் ஈர்த்தது: தம் அச்சோவியம் எதற்காவது சந்தையில் விலை ஏறினால், விலை இறங்கும் வரை அதே கட்டையிலிருந்து மேலும் படிகள் எடுக்க வேண்டும். அச்சோவியங்களுக்கு எண் இட்டு, குறிப்பிட்ட படிகளுக்குப் பின் கட்டையைச் சிதைத்து, அருமையைக் காட்டி விலையேற்றும் வழக்கத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒருவர் கட்டையில் செதுக்குவதற்கே காரணம், ஒன்றைப் பலவாக்கிப் பலரிடம் சேர்க்க முடியும் என்பதுதானே. அந்த அடிப்படையை இறுதி வரை விட்டுக்கொடுக்காத ஒருவரின் கட்டைகள், கட்டணம் வாங்காத ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பது மிகவும் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

அச்சோவியங்கள் தாளில் இருப்பதால் ஒளியால் மங்கிவிடும். எனவே அவற்றைச் சுழற்சி முறையில்தான் காட்சிக்கு வைப்பார்கள். போகும் வாரத்தில் எவை சுவரில் இருக்கும் என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கோர்தெஸின் படங்கள் அப்போது இல்லாவிட்டாலும் வேறு மெக்சிகோ அச்சோவியங்கள் இருக்க வாய்ப்புண்டு. 1930களில் மெக்சிகோ நகரத்தில் கூட்டுப் பட்டறை அமைத்து அச்செடுத்தவர்களின் படங்கள் கண்ணில் பட்டால், மையின் அடர்த்தியையும் வெட்டின் திசையையும் கவனியுங்கள். கற்றவர் என்பதால் உங்களுக்கு அது பெரும் விருந்தாக இருக்கும்.

மேடைகளைப் பற்றி: சில மேடைகள் கலைஞர்களின் ஆக்கங்கள், சில உண்மையாகவே அண்மையில் இறந்தவர்களுக்காக அவர்களின் வீட்டார் அமைத்தவை. பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். படித்துவிட்டு ஒரு கணம் நில்லுங்கள். எதையும் தொடாதீர்கள், பளிச்சிடும் விளக்குப் போட்டுப் படமெடுக்காதீர்கள், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தற்படம் எடுக்காதீர்கள். மெக்சிகோக் குடும்பங்கள் அங்கே அழுகிற முகத்தோடு மட்டும் நிற்பதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டும் இருப்பார்கள். அம்மா தம் வழக்கப்படி கைகூப்பினால் யாரும் வியப்படைய மாட்டார்கள்.

தொழுவத்துக்கருகில் (மறுமொழி)

பில்சனைப் பற்றியே எல்லோரும் எழுதிவிட்டதால், சிகாகோவில் லத்தீன் அமெரிக்க மக்கள் வாழும் இன்னொரு பகுதியையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கிறேன். நகரத்தின் மேற்கில் ஹம்போல்ட் பூங்காவை ஒட்டி, அமெரிக்க ஆட்சியின் கீழுள்ள கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த மக்கள் வாழ்கிறார்கள். பூங்காவுக்குள் டிவிஷன் தெருவை நோக்கிப் போர்ட்டோ ரிக்கோ கலை பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. மெக்சிகோ அருங்காட்சியகத்துக்கே குறைவாகப் போகிறவர்கள் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கும் கட்டணம் இல்லை.

கட்டடமே பார்க்கத் தகுந்தது. 1890களின் நடுவில் பூங்காவின் குதிரைகளையும் வண்டிகளையும் வைப்பதற்காகக் கட்டிய தொழுவம் இது. செங்குத்தான கூரையும் மரச்சட்டங்களும் கோபுரமுமாக ஜெர்மானிய நாட்டுப்புற மாளிகையைப் போலத் தோன்றும். சிகாகோவின் பூங்காக்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற யென்ஸ் யென்சனின் அலுவலகம் இதற்குள் இருந்தது. 1992இல் தீப்பிடித்துப் பெரும் சேதமடைந்தபின் சீரமைக்கப்பட்டு, போர்ட்டோ ரிக்கோ மக்களின் அருங்காட்சியகமாக மாறியது. ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகியவை மாறிமாறிக் காட்சிக்கு வருகின்றன. பில்சனில் உள்ளதைப் போன்ற பெரிய நிரந்தரத் தொகுப்பை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், வேறெங்கும் காணக் கிடைக்காத கலைஞர்களைக் காண்பீர்கள்.

அங்கே போகும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டிவிஷன் தெருவின் இந்தப் பகுதிக்குப் பசேயோ போரிக்குவா என்று பெயர். இரு முனைகளிலும் எஃகுக் குழாய்களால் செய்த போர்ட்டோ ரிக்கோக் கொடிகள், தெருவின் குறுக்கே வளைந்து காற்றில் அசைவது போன்ற தோற்றத்தில், 59 அடி உயரத்துக்கு நிற்கின்றன. 1995இல் அவை நிறுவப்பட்டன. எஃகைத் தேர்ந்தெடுத்தது பொருளுள்ள செயல். இந்த நகரத்துக்கு வந்த முதல் தலைமுறையில் பலர் எஃகு ஆலைகளில் உழைத்தவர்கள். இதே தெருவில்தான் 1966 ஜூனில் ஓர் இளைஞரைக் காவலர் சுட்டதைத் தொடர்ந்து கலகம் மூண்டது. அந்த மக்கள் அதே தெருவைத் தங்கள் கொடிகளால் எல்லையிட்டு, இதற்குள் எங்கள் கடைகளும் பள்ளியும் சுவரோவியங்களும் இருக்கும் என்று நிலைநாட்டினார்கள். பக்கத்திலேயே நார்த் அவென்யூவில், போர்ட்டோ ரிக்கோ விடுதலைக்காகப் பல ஆண்டுகள் சிறையிருந்த பெத்ரோ அல்பிசு காம்போஸைச் சிலுவையில் காட்டும் 1971ஆம் ஆண்டுச் சுவரோவியம் உள்ளது. எதிரே புதுக் கட்டடம் எழுந்து அதை மறைக்க இருந்தபோது மக்கள் நீண்ட காலம் போராடி அந்த இடத்தைக் காப்பாற்றினார்கள்.

பில்சனிலிருந்து வெஸ்டர்ன் தெருவுக்கு வந்து 49ஆம் எண் பேருந்தில் வடக்கே சென்று டிவிஷன் தெருவில் இறங்கினால், கிழக்குக் கொடி பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து மேற்குக் கொடி வழியாக அருங்காட்சியகம் வரை நடை ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு; அம்மாவுக்கு முடியாவிட்டால் அதே தெருவில் 70ஆம் எண் பேருந்து ஓடுகிறது. திறப்பு நாள்களும் நேரமும் மெக்சிகோ அருங்காட்சியகத்தைவிடக் குறைவு என்பதால் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஏரிக்கரை (மறுமொழி)

நண்பர் ஹம்போல்ட் பூங்காவைச் சேர்த்தது நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள் என்பது என் கருத்து. எழுபது வயதைக் கடந்தவரோடு வருகிறீர்கள். அக்டோபர் இறுதியில் மாலை சீக்கிரமே இருட்டிவிடும், காற்றும் குளிரும்.

பில்சனுக்கு ஒரு நாள்: காலை 10 மணியளவில் 18ஆம் தெரு நிலையம், ஒரோஸ்கோ பள்ளிச் சுவர், பிறகு நேராக அருங்காட்சியகம். உள்ளே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருங்கள். மதிய உணவை 18ஆம் தெருவில் குடும்பங்கள் நடத்தும் கடை ஒன்றில் சாப்பிடுங்கள். சைவ உணவு வேண்டுமானால் பயறு மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். அதற்கு மாந்தேகா என்று பெயர். பிற்பகலில் துவார்தேயின் வீடு, உடம்பு இடம் கொடுத்தால் காசா அஸ்த்லான். ஹாரிசன் பூங்காவிலேயே அக்டோபர் கடைசியில் இறந்தோர் நாள் விழாவும் வழக்கமாக நடக்கும். தேதி ஒத்துவந்தால் உங்கள் திட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாளில் ஹம்போல்ட் பூங்காவோடு, ஹால்ஸ்டட் தெருவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் ஹல் ஹவுஸ் அருங்காட்சியகத்தையும் சேர்க்கலாம். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ் 1889இல் தொடங்கிய குடியேறிகள் இல்லம் அது. 1920களிலும் 1930களிலும் அக்கம்பக்கத்து மெக்சிகோக் குடியேறிகள் அங்கிருந்த சூளையில் மட்பாண்டம் செய்து விற்றார்கள். வளாகம் எழுந்தபோது பதின்மூன்று கட்டடங்களில் இரண்டே தப்பின. பில்சனின் பல குடும்பங்கள் எங்கிருந்து அகற்றப்பட்டனவோ அந்த இடத்திலேயே நின்று அதை அறிந்துகொள்ளலாம். பில்சனைப் பார்த்த பிறகு அங்கே போவதே நல்லது.

செங்கல்சுவர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வாடகையும் சொத்துவரியும் ஏறியதால் 2000க்குப் பிறகு பில்சனிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிகோ மக்கள் வெளியேறிவிட்டார்கள். பழைய கட்டடங்களையும் சுவரோவியங்களையும் காப்பதற்காக நகர நிர்வாகம் முன்வைத்த பாரம்பரிய வட்டாரத் திட்டத்தை, பழுதுபார்க்கும் செலவு தங்கள் தலையில் விழும் என்று அங்குள்ள வீட்டுக்காரர்களே எதிர்த்தார்கள். 2020 டிசம்பரில் நகர மன்றம் அதை நிராகரித்தது. சுவரைக் காப்பதும் சுவருக்குள் வாழ்கிறவரைக் காப்பதும் ஒன்றாக அமையவில்லை. அருங்காட்சியக ஊழியர்கள் இதைப் பற்றித் தயக்கமின்றிப் பேசுவார்கள். முகப்பு மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். அந்தத் தெருவிலேயே வளர்ந்தவராக இருக்கக்கூடும்.